லீவுக்கு ஓர் ‘அழுக்கு’த் திட்டம்!

‘முழுப் பரீட்சை முடிஞ்சாச்சு!’

ஒரே வீட்டில் இரண்டு விதமான எஃபெக்ட் கொடுக்கிற அறிவிப்பு இது. பிள்ளைகள் துள்ளிக் குதிப்பார்கள். பெற்றவர்கள் காலண்டரைப் பார்த்துக் கணக்குப் போடுவார்கள்... ‘ஸ்கூல் திறக்க இன்னும் எத்தனை நாள்?’

எப்படிப் போட்டாலும் ஒரு மாசத்துக்குக் குறையாது. நமக்கு ஆபீசில் மிச்சம் இருக்கிற கேஷுவல் லீவோ மூணரை நாள் (அந்த அரை நாள் எங்கிருந்து வந்தது என்று ஹெட் கிளார்க்குக்கே தெரியாது!). மீதி நாளுக்கு என்ன வழி?

பிள்ளை கையில் செல்போனைக் கொடுத்துவிடலாம். வீடு அமைதியாகிவிடும். அப்படி ஓர் அமைதி... பிள்ளை வீட்டில்தான் இருக்கிறதா என்று நாமே அடிக்கடி எட்டிப் பார்க்க வேண்டியிருக்கும். இல்லாவிட்டால் சம்மர் கேம்ப். பணத்தைக் கட்டினால் கடைசி நாளில் சர்ட்டிஃபிகேட், க்ரூப் போட்டோ, சமோசா.

மூணாவதாக ஒரு வழி இருக்கிறது. செலவு ரொம்பக் குறைச்சல். சர்ட்டிஃபிகேட் கிடையாது. சட்டையில் கறை மட்டும் கேரண்டி! சேற்றையும் மாவையும் தண்ணீரையும் கொடுத்து, பிள்ளைகளை இஷ்டத்துக்கு அளையவிடுகிற வழி. கேட்க ஈஸியாக இருக்கிறதல்லவா? அதிலும் சில சூட்சுமங்கள் இருக்கின்றன, சார்.

பஞ்சாரத்துக்கு வெளியே...

என் மாமனார் ஊர் சித்தையன்கோட்டை. திண்டுக்கல் மாவட்டத்தில் ஆத்தூர் பக்கம். செம்பட்டியைத் தாண்டி உள்ளே திரும்பினால் வயல், தென்னை, அதற்குப் பின்னால் நீலமாக மலை. அந்த மலையிலிருந்து வருகிற தண்ணீர்தான் ஆத்தூர் காமராஜர் அணையில் தேங்கி, திண்டுக்கல்லில் எங்கள் வீட்டுக் குழாய் வரைக்கும் வருகிறது (வருகிற அன்றைக்கு!).

போன மே மாசம் குடும்பத்தோடு அங்கே போய் ஒரு வாரம் தங்கியிருந்தேன். என் பிள்ளைகள் இரண்டு, மச்சான் பிள்ளைகள் இரண்டு. நாலு பிள்ளைக்கும் சேர்த்து ஒரே செல்போன். முதல் நாள் முழுக்க எனக்கு அம்பயர் உத்தியோகம். ‘இவன் ஆட்டம் முடிஞ்சிருச்சு’, ‘அவ என்னைக் கிள்ளிட்டா’... தீர்ப்புச் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டுவிட்டது.

சாயங்காலம் வரைக்கும் பொறுத்துப் பார்த்த மாமா சொன்னார்: “ஏன் மாப்ள, இதுகளைச் செத்த வெளிய விடக்கூடாதா? கோழியக்கூட இம்புட்டு நேரம் பஞ்சாரத்துல போட்டுக் கவுத்த மாட்டாகளே!”

மறுநாள் காலையில் நான் காபி டம்ளரை எடுக்கும்போதே, வேப்ப மரத்தடியில் தொப்பென்று ஒரு சத்தம். ஒரு கூடை களிமண்! ராத்திரியே தண்ணீர் தெளித்து, சாக்குப் போட்டு மூடி ஊற வைத்திருக்கிறார். கல், வேர், கண்ணாடிச் சில்லு எல்லாம் பொறுக்கியாயிற்று. “ம்... ஆரம்பிங்க” என்று சொல்லிவிட்டு அவர் பாட்டுக்குத் தோட்டத்துக்குப் போய்விட்டார். முன்னுரை, விளக்கவுரை எதுவும் இல்லை.

மச்சான் பையன்கள் இரண்டு பேரும் முழங்கை வரைக்கும் இறங்கிவிட்டார்கள். எட்டு வயசு மகள் பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு, கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு உட்கார்ந்தாள்.

என் மகனுக்கு அஞ்சு வயசு. இரண்டாவது மாடி வாடகை வீட்டில் வளர்கிற பிள்ளை. ஒரு விரல் நுனியால் களிமண்ணைத் தொட்டான். அவ்வளவுதான்... ஆபரேஷனுக்குப் போகிற டாக்டர் மாதிரி இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான். “அப்பா... அழுக்கு! துடைச்சு விடு!”

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. ‘தொடாதே, கொட்டாதே, சிந்தாதே’ என்று வீட்டில், ஸ்கூலில், கடையில், பஸ்ஸில் எல்லா இடத்திலும் கேட்டுக் கேட்டு வளர்கிற பிள்ளைக்கு மண் என்பதே ஓர் ஆபத்தாகத் தெரிகிறது!

இழுத்துக்கொண்டு போய் உட்கார வைக்கலாமா என்று பார்த்தேன். அத்தை தடுத்துவிட்டார். “விடுங்க மாப்ள, அவனா வருவான். கையில ஒரு குச்சியக் குடுங்க, போதும்.”

முதல் நாள் குச்சியால் குத்திப் பார்த்தான். இரண்டாம் நாள் கொட்டாங்குச்சியால் அள்ளினான். மூணாம் நாள் காலையில் நான் பல் தேய்த்துக்கொண்டு வெளியே வந்தால்... எங்கள் வீட்டு டாக்டரைக் காணோம். களிமண்ணுக்கு நடுவில் இரண்டு கண் மட்டும் தெரிந்தது!

பாண்டிய ராஜாவே சொல்லியிருக்கார்!

‘இதெல்லாம் ஃபாரின் ஐடியா’ என்று நினைத்துவிடாதீர்கள். குழந்தை அழுக்குப் பண்ணுவதை ரசித்துப் பாடின கூட்டம் நம்முடையது.

பாண்டியன் அறிவுடை நம்பி என்று ஒரு ராஜா. புறநானூற்றில் அவர் பாட்டு 188-வது. பலபேரோடு உட்கார்ந்து சாப்பிடுகிற அளவுக்குச் செல்வம் உள்ளவன் வீடு. அங்கே ஒரு சின்னக் குழந்தை தத்தித் தத்தி வந்து, தட்டில் கையை விட்டு, நெய்ச் சோற்றைத் துழாவி, உடம்பெல்லாம் அப்பிக்கொள்கிறது. இப்படி மயக்குகிற பிள்ளை இல்லாதவன் வாழ்ந்த நாளெல்லாம் வீண் என்கிறார் ராஜா. வள்ளுவர் அதற்கும் ஒரு படி மேலே போய், குழந்தை கைவிட்டுக் குழப்பின கூழ் அமிழ்தத்தைவிட ருசி என்று மக்கட்பேறு அதிகாரத்தில் தீர்ப்பே எழுதிவிட்டார்.

மண் வீடு கட்டுவதற்கு நம் இலக்கியத்தில் தனிப் பெயரே உண்டு... ‘சிற்றில்’. ஆண்டாள் நாச்சியார் திருமொழியில், கட்டின மணல் வீட்டைக் கலைக்காதே என்று கண்ணனிடம் கேட்பதற்கென்றே ஒரு பதிகம் பாடியிருக்கிறாள். ஆண்பால் பிள்ளைத்தமிழில் ‘சிற்றில் பருவம்’ என்றே ஒரு பருவம் இருக்கிறது. இத்தனையும் வைத்துக்கொண்டு நாம் என்ன செய்கிறோம்? தரையில் சொட்டுத் தண்ணீர் விழுந்தால் ‘ஏய்ய்ய்!’ என்று அலறுகிறோம்.

மலைக்கு மேலே ஒரு பாட்டி

சித்தையன்கோட்டையிலிருந்து மேற்கே பார்த்தால் மலை தெரியும் என்றேனே... அந்தப் பழனி மலைத் தொடரில்தான் கொடைக்கானல் இருக்கிறது. நாம் எல்லோரும் படகு விடவும் ஹோம்-மேட் சாக்லேட் வாங்கவும் போகிற அதே கொடைக்கானலில் 1942 முதல் 1944 வரைக்கும் ஒரு பாட்டி குடியிருந்தார். பெயர் மரியா மாண்டிசோரி! ஊருக்கு ஊர் ‘மாண்டிசோரி ஸ்கூல்’ என்று போர்டு தொங்குகிறதே, அந்த மாண்டிசோரிதான்.

இத்தாலியில் 1870-ல் பிறந்து, டாக்டருக்குப் படித்தவர். ரோம் நகரத்தில் ஏழைகள் குடியிருந்த பகுதியில் 1907-ல் முதல் பள்ளியைத் திறந்தார். 1939 நவம்பரில், ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்க மகன் மரியோவுடன் சென்னை அடையாறு தியாசாபிகல் சொஸைட்டிக்கு வந்தார். சில மாசத்தில் திரும்புவதாகத்தான் ஏற்பாடு. 1940 ஜூனில் இத்தாலி யுத்தத்தில் குதித்துவிட்டது. அப்புறமென்ன, பிரிட்டிஷ்காரர்கள் கண்ணுக்கு அம்மாவும் பிள்ளையும் எதிரி நாட்டுக்காரர்கள். மகனைப் பிடித்துக் காவலில் வைத்துவிட்டார்கள். அந்த அம்மாளின் எழுபதாவது பிறந்த நாளுக்குப் பரிசாக, வைஸ்ராய் மகனை விடுதலை செய்தார்.

அப்புறம் மலைக்குக் குடிபோனார்கள். அங்கேயும் பல வயசுக் குழந்தைகளை வைத்து ஒரு சின்னப் பள்ளி நடந்தது. செடி, பாசி, பூச்சி என்று குழந்தைகள் கையில் அகப்பட்டதெல்லாம் அங்கே பாடம்! இயற்கை முழுவதையும் ஒரே கதையாகக் குழந்தைக்குச் சொல்ல வேண்டும் என்ற அவருடைய யோசனை நன்றாக விளைந்தது இந்தியாவில் இருந்த அந்த வருஷங்களில்தான்.

மாண்டிசோரி அம்மையார் ‘சேற்றை வாரி இறை’ என்று சொல்கிற ஆள் இல்லை. ரொம்ப ஒழுங்கு பார்க்கிறவர். ஆனால் அவருடைய வகுப்பில் மூணு வயசுப் பிள்ளை ஜாடியிலிருந்து தண்ணீர் ஊற்றும், துணி துவைக்கும், மேஜை துடைக்கும். எல்லாம் நிஜச் சாமான். கொட்டினால் திட்டு கிடையாது. துடைக்கிற துணி பக்கத்திலேயே இருக்கும். துடைப்பதும் ஒரு விளையாட்டுதான்! இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் ரொம்ப உதவும்.

இவர் கொடைக்கானலில் இருந்த அதே 1943-ல், ஜெர்மன் ராணுவத்தின் பிடியில் இருந்த டென்மார்க்கில் இன்னொரு வேடிக்கை. சோரன்சென் என்கிற தோட்டக்கலை நிபுணர் ஒரு விஷயத்தைக் கவனித்து வைத்திருந்தார். தான் வடிவமைத்த அழகான பார்க்குகளைவிட, கட்டட வேலை நடக்கிற இடத்துக் குப்பையில்தான் பிள்ளைகள் குஷியாக விளையாடுகிறார்கள்! அவர் யோசனைப்படி கோபன்ஹேகன் பக்கம் எம்ட்ரப்பில் ‘குப்பை மைதானம்’ ஒன்று திறந்தார்கள். பலகை, செங்கல், மண், தண்ணீர்... கட்டுவதும் இடிப்பதும் பிள்ளைகள் இஷ்டம். யுத்தம் முடிந்த பிறகு பிரிட்டனிலும் இந்த ஐடியா பரவியது.

நம் ஊரில் அர்விந்த் குப்தா இருக்கிறார். கான்பூர் ஐ.ஐ.டி. இன்ஜினீயர். 1970-களின் கடைசியில் கம்பெனி வேலைக்கு லீவு போட்டுவிட்டு, மத்தியப் பிரதேசத்தில் ஹோஷங்காபாத் கிராமப் பள்ளிகளில் நடந்த அறிவியல் திட்டத்துக்குப் போனார். தீக்குச்சியையும் சைக்கிள் வால்வ் ட்யூபையும் கொடுத்துப் பிள்ளைகளை வடிவங்கள் கட்டவைத்தார். அப்புறம் பழைய பேப்பர், ஸ்ட்ரா, பாட்டில் என்று குப்பையிலிருந்தே நூற்றுக்கணக்கில் பொம்மைகள். 2018-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். லீவை எப்படி உபயோகப்படுத்த வேண்டும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டுமா, சார்?

இனி ஐட்டங்களுக்கு வருவோம். அந்த ஒரு வாரத்தில் சித்தையன்கோட்டையில் டெஸ்ட் செய்தவை இவை.

ஒன்று: களிமண்

ராத்திரி ஊற வைத்து, காலையில் சப்பாத்தி மாவு பதத்துக்குப் பிசையவேண்டும். அப்புறம் அடுப்பு, சட்டி, மாடு, வண்டி என்று என்ன வேண்டுமானாலும் செய்யலாம். வெயிலில் காய வைத்தால் வெடிப்பு விழும். தண்ணீர் போகப் போகக் களிமண் சுருங்கும்... மேல்பக்கம் சீக்கிரம் காய்ந்து சுருங்கிவிடும், உள்பக்கம் ஈரமாகவே இருக்கும், அதனால்தான் வெடிப்பு. நிழலில் காய வைக்க வேண்டும். பொடியாக வெட்டின வைக்கோல் கொஞ்சம் சேர்த்தால் பிடிப்பு இருக்கும். மண் சுவர் வைக்கிறவர்கள் செய்கிற அதே வேலை.

என் மகள் ஒரு டம்ளர் செய்து, இரண்டு நாள் காய வைத்து, தண்ணீர் ஊற்றினாள். டம்ளர் அப்படியே குழைந்து உட்கார்ந்துவிட்டது. முகம் போன போக்கைப் பார்க்கணுமே... அரை நிமிஷம்தான். “அப்ப பானை மட்டும் ஏன்ப்பா கரையல?” சூளையில் சுமார் 600 டிகிரிக்கு மேல் சூடு ஏறும்போது களிமண்ணுக்குள்ளே அணுக்களோடு கட்டுண்டு கிடக்கிற தண்ணீரும் போய்விடுகிறது. அப்புறம் எவ்வளவு நனைத்தாலும் அது பழையபடி களிமண்ணாக ஆகாது. இந்தப் பாடத்தை எந்த டியூஷனிலும் இவ்வளவு ஆசையாகக் கேட்டிருக்க மாட்டாள்.

இரண்டு: மாயக் கூழ்

மளிகைக் கடையில் கார்ன் ஃப்ளோர் என்று கேளுங்கள். இரண்டு கப் மாவுக்கு ஒரு கப் தண்ணீர். மெதுவாகக் கலக்குங்கள். இப்போது கையை மெல்ல விட்டால் கூழ் மாதிரி உள்ளே போகும். ஓங்கிக் குத்தினால் சுவர் மாதிரி நிற்கும்! உருட்டினால் உருண்டை. உருட்டுவதை நிறுத்தினால் விரல் இடுக்கில் வழிந்து ஓடிவிடும். மாவுத் துகள்கள் தண்ணீருக்குள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. மெதுவாகத் தள்ளினால் ஒன்றுக்கொன்று வழிவிடும். திடீரென்று இடித்தால் வழிவிட நேரமில்லாமல் இறுகிவிடும். பஸ் ஸ்டாண்டில் கூட்டத்துக்கு நடுவில் நடந்தவர்களுக்கு இது தனியாகச் சொல்ல வேண்டாம்! கோதுமை மாவில் இந்த வித்தை நடக்காது.

இதைப் பார்க்க வந்த மாமா, ‘சின்னப் பிள்ளைக வெளையாட்டு’ என்று சொல்லிக்கொண்டே கையை விட்டவர்தான். முக்கால் மணி நேரம் எடுக்கவில்லை.

முக்கியமான விஷயம்... மிச்சத்தைச் சிங்க்கில் ஊற்றாதீர்கள். மாவு அடியில் தங்கிக் குழாயை அடைத்துவிடும். வீட்டுக்காரருக்குப் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்.

மூன்று: உப்பு மாவு

மைதா இரண்டு கப், தூள் உப்பு ஒரு கப், தண்ணீர் சுமார் ஒரு கப், எண்ணெய் ஒரு ஸ்பூன். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப் பிசைய வேண்டியதுதான். கலருக்கு மஞ்சள் தூள், பீட்ரூட் சாறு. மூடி போட்ட டப்பாவில் வைத்தால் சில நாள் வரும்.

கடையில் ‘ப்ளே-டோ’ என்று விற்கிறார்களே, இதன் பெரியப்பா மகன்தான் அது. அமெரிக்காவில் சின்சினாட்டியில் ஒரு சோப்புக் கம்பெனி, சுவர்க் காகிதத்தில் படிகிற கரிப்புகையைத் துடைக்க ஒரு மாவு விற்றது. நிலக்கரி அடுப்பு போய் வேறு அடுப்பு வந்ததும் வியாபாரம் படுத்துவிட்டது. கே ஸுஃபால் என்ற நர்ஸரி டீச்சர் அதைத் தன் வகுப்புப் பிள்ளைகளிடம் கொடுத்துப் பார்த்தார். பிள்ளைகள் விடவில்லை! 1956-ல் பொம்மை மாவாகக் கடைக்கு வந்துவிட்டது. சுவர் துடைத்த மாவு, பிறகு சுவரில் அப்பப்பட்ட மாவானது!

நான்கு: நிறம் மாறும் எழுத்து

மஞ்சள் தூளைத் தண்ணீரில் குழைத்து வெள்ளைத் தாளில் பூசிக் காய விடுங்கள். சோப்புத் தண்ணீரில் குச்சியைத் தொட்டு அதன்மேல் எழுதினால் எழுத்து சிவப்பாக வரும். எலுமிச்சைச் சாறு தடவினால் திரும்ப மஞ்சள். சோப்பு காரம், எலுமிச்சை அமிலம்... மஞ்சள் இரண்டுக்கும் ஏற்றபடி நிறம் மாறுகிறது. ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவப்பதும் இதே கதைதான். ஆனால் பிள்ளைகள் விளையாட்டுக்குச் சுண்ணாம்பு வேண்டவே வேண்டாம். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

ஐந்து: காகிதக் கூழ்

இது அத்தையின் டிபார்ட்மென்ட். பழைய பேப்பரைக் கிழித்து இரண்டு மூணு நாள் ஊற வைத்து, பிழிந்து, ஊற வைத்த வெந்தயத்தோடு சேர்த்து ஆட்டவேண்டும். குப்புறக் கவிழ்த்த பானையின் மேல் ஈரத் துணி விரித்து, இந்தக் கூழை அப்பிக் காய விட்டால் அருமையான கூடை. முன்பெல்லாம் வீட்டுக்கு வீடு இந்தக் கூடையில்தான் பருப்பும் புளியும் இருக்கும். கிழிப்பதும் மிதிப்பதும் பிள்ளைகள் பொறுப்பு. பழைய சர்க்குலர்களை என்ன செய்வது என்று தவிக்கும் ஆபீஸ் நண்பர்கள் கவனிக்கவும்! ஊறின காகிதத்தின் வாசனை பற்றி மட்டும் முன்கூட்டியே எச்சரிக்கிறேன்.

மண்ணில் என்ன சத்து?

‘சும்மா விளையாட்டுதானே, இதனால் என்ன லாபம்?’ என்று கேட்கிறவர்களுக்கு ஒரு ஃபின்லாந்து சமாச்சாரம். அங்கே மூணு முதல் அஞ்சு வயசுப் பிள்ளைகள் இருக்கிற சில பகல்நேரக் காப்பகங்களின் வெறும் சரளைக் கல் முற்றத்தில் காட்டு மண், புல், செடித் தொட்டிகள் கொண்டுவந்து போட்டார்கள். பிள்ளைகள் 28 நாள் அதில் அளைந்தார்கள். தோலில் இருக்கிற நுண்ணுயிர்களின் வகை கூடியது. நோய் எதிர்ப்புச் சக்தியைக் கட்டுக்குள் வைக்கிற ரத்த அறிகுறிகளிலும் நல்ல மாற்றம் தெரிந்தது. 2020-ல் வெளியான ஆராய்ச்சி. எழுபது, எண்பது பிள்ளைகளை வைத்துச் செய்த சின்ன ஆராய்ச்சிதான். இதை வைத்துக்கொண்டு ‘மண்ணில் விளையாடினால் ஜலதோஷமே வராது’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இதைவிடப் பெரிய லாபம் என் கண்ணுக்கு முன்னால் நடந்தது. மகன் ஒரு உருண்டையை வைத்துக்கொண்டு ரொம்ப நேரமாகத் தட்டிக்கொண்டிருந்தான்.

“என்னடா இது, யானையா?”

“இல்லப்பா.”

“பூசணிக்காயா?”

“இல்லப்பா... மழை வரப்போகுது. அது.”

அதற்கு மேல் நான் பேசவில்லை. நாம் உட்கார்ந்து தும்பிக்கை வைத்த யானை செய்து கொடுத்தால், பிள்ளை கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கைதான் பார்க்கும். அப்புறம் அது நம் விளையாட்டு. ‘இது என்ன, இப்படிப் பண்ணு, அப்படிப் பண்ணாதே’ என்று சூப்பர்வைசர் வேலை செய்யக்கூடாது. நமக்குத்தான் ஆபீசில் ஒரு சூப்பர்வைசர் இருக்கிறாரே... அவர் பின்னால் வந்து நின்றால் நமக்கு வேலை ஓடுமா?

ஜாக்கிரதை, சார்!

* மண் எங்கே எடுக்கிறோம் என்பது ரொம்ப முக்கியம். நாய், பூனை அசுத்தம் செய்கிற இடம், சாக்கடை ஓரம், மனிதர்கள் மலம் கழிக்கிற இடம் கூடவே கூடாது. கொக்கிப்புழு வெறும் காலின் தோல் வழியாகவே உள்ளே நுழையும். செருப்புப் போடட்டும், நகம் வெட்டியிருக்கட்டும், முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவட்டும். பள்ளியிலும் அங்கன்வாடியிலும் கொடுக்கிற குடற்புழு மாத்திரையைத் தவறவிடாதீர்கள்.

* திண்டுக்கல்லைச் சுற்றி, தோல் பதனிடும் கழிவால் மண்ணும் தண்ணீரும் கெட்டுப்போன இடங்கள் உண்டு. அதுபோன்ற இடத்து மண் வேண்டாம்.

* சுண்ணாம்பு கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். டப்பாவைப் பிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்கள். தப்பித் தவறிப் பட்டுவிட்டால் அந்த நிமிஷமே சுத்தமான தண்ணீரால் நிறுத்தாமல் கழுவி, நேராகக் கண் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

* துணிச் சாயம், கோலப்பொடிச் சாயம், போராக்ஸ் போட்டுச் செய்கிற ‘ஸ்லைம்’ ஆகியவை சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம். உப்பு மாவை வாயில் போடுகிற வயசுக் குழந்தைக்கும், வீட்டு நாய்க்கும் எட்டவிடாதீர்கள். அவ்வளவு உப்பு உடம்புக்கு ஆகாது.

* எல்லாவற்றையும்விடப் பெரிசு... தண்ணீர்! கோடை லீவில் குளம், கிணறு, ஆறு, அணை என்று போய்த் திரும்பாத பிள்ளைகளைப் பற்றி ஒவ்வொரு வருஷமும் பேப்பரில் படிக்கிறோம். கைகால் கழுவக்கூடப் பிள்ளைகளைத் தனியே அனுப்பாதீர்கள். தவழுகிற, தத்தி நடக்கிற குழந்தைக்கு ஒரு வாளித் தண்ணீரே ஆபத்து. ஆட்டம் முடிந்ததும் முதல் வேலை, வாளியைக் கவிழ்ப்பது.

அது சரி, யார் கழுவுவது?

கட்டுரையின் உயிர்நாடியே இங்கேதான் இருக்கிறது. ஆபீஸ் நண்பர் ஒருவரிடம் இந்தக் கதையைச் சொன்னேன். “அட, சூப்பர் ஐடியா! இன்னிக்கே மிஸஸ்கிட்டச் சொல்லி ஏற்பாடு பண்ணச் சொல்றேன்” என்றார். அங்கேதான் சார் தப்பு! மாவைக் கலக்கிக் குஷிப்படுத்துவது அப்பா, தரையைத் தேய்த்துச் சட்டையைத் துவைப்பது அம்மா என்றால், அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த மாவு டப்பா பரண்மேல் இருக்கும். நியாயமும் அதுதான்.

சித்தையன்கோட்டையில் முதல் நாளே அத்தை சட்டம் போட்டுவிட்டார். “அழுக்குக்கு ஒரு எடம், ஒரு நேரம், ஒரு ஆளு... மூணும் இருந்தா என்னமும் பண்ணுங்க.” இடம், வேப்ப மரத்தடி. நேரம், காலை டிபனுக்கு முன்னால் ஒரு மணி நேரம். ஆள்..? எல்லோரும் என்னையே பார்த்தார்கள்!

ஆனால் அது பெரிய வேலையாக இல்லை. ஆளுக்கு ஒரு பழைய சட்டை, ஐந்து நாளும் அதே சட்டை. ஒரே ஒரு வாளித் தண்ணீர், கழுவுகிற இடம் தென்னை மரத்தடி. தண்ணீரும் வீணாகவில்லை, மரத்துக்கும் பாய்ந்தது. மாண்டிசோரி அம்மையாரின் துடைக்கிற துணி ஞாபகம் இருக்கிறதல்லவா? நாலு பிள்ளைக்கும் ஆளுக்கொரு துணி, ஒரு விளக்குமாறு, ஒரு தேங்காய் நார். ‘யார் இடம் முதல்ல சுத்தமாகுது?’ என்று ஒரு வார்த்தை சொன்னேன். கழுவுவதற்கும் சண்டை பிடித்துக்கொண்டு வந்தார்கள்! ஐந்து நாளைக்கும் சேர்த்துச் செலவு... இரண்டு பாக்கெட் மாவு, ஒரு பாக்கெட் உப்பு, கொஞ்சம் மஞ்சள் தூள், வெந்தயம், ஒரு சோப்பு. செல்போனை யாரும் கேட்கவில்லை என்று சொல்லமாட்டேன். காலையில் அந்த ஒரு மணி நேரம் மட்டும் கேட்கவே இல்லை. எனக்கு அது போதும்.

‘எங்களுக்கு ஏது சார் வேப்ப மரம்? ஒற்றை பெட்ரூம் வீடு’ என்பவர்களுக்கு... மொட்டை மாடியில் ஒரு பழைய பிளாஸ்டிக் சாக்கு விரித்தால் போதும். அதுவும் இல்லாவிட்டால் பாத்ரூம். ஒரு அகலமான தாம்பாளம், அதில் இரண்டு கப் மாவு. ஞாயிறு காலையில் ஒரு மணி நேரம், உங்கள் லீவுக் கணக்கில்கூடக் கழியாது. பெரிய மனுஷன் வேஷத்தை ஆணியில் மாட்டிவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். பிள்ளை கூப்பிட்டால் கையை விடுங்கள். கூப்பிடாவிட்டால் பேசாமல் இருங்கள்.

திங்கட்கிழமை ஆபீசில் உங்கள் நக இடுக்கில் கொஞ்சம் மஞ்சளும் மாவும் இருக்கும். மானேஜர் முறைப்பார். முறைக்கட்டும்... அவர் வீட்டிலும் பிள்ளைகள் இருக்கிறார்களா என்று கேட்டு, அளவு எழுதிக் கொடுத்துவிடுங்கள்: மாவு இரண்டு கப், தண்ணீர் ஒரு கப்!